கராஜ் வாழை

டெக்சஸ் மாகாணத்துப் பிளேனோவில் மணியன் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு கார் நிற்கும்படியான கராஜ் இருந்தது. அதில் கார் நிற்கவில்லை. வெள்ளி நிறத்தில் புதுக் கார், வாங்கிய அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, ஊருக்கு போட்டோ அனுப்பிய கார், அது பாட்டுக்கு வெளியே குளிரில் நின்றது. உள்ளே சக்கரப் பலகை மேல், தொட்டிக்கு ஒன்றாக, இரண்டு வாழைமரங்கள் குளிர்காலம் முழுக்கச் சொகுசாக நின்றன.

எல்லாம் தனபாக்கியத்தின் வேலை. மணியனின் மனைவி, கோபிசெட்டிபாளையத்துக்காரி, காமர்ஸ் படித்துவிட்டுக் கணவனின் விசாவோடு ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தவள். நீ வேலைக்குப் போகக் கூடாது என்று அந்த விசா சொல்லிவிட்டது. சும்மா இரு என்று சொன்னால் சும்மா இருக்கிற பெண்ணா அவள்? பார்க்கிற பாத்திரத்தில் எல்லாம் மண்ணைப் போட்டு விதையை ஊன்ற ஆரம்பித்தாள்.

பின்பக்கம் அவ்வளவு மண் கிடக்கும்போது தொட்டி எதற்கு என்று கேட்டால், அந்த நாளில் அதற்கு ஒரே பதில்தான். கிரீன் கார்டு வரவில்லை. டல்லாஸ் பக்கம் வந்து சேர்ந்திருந்த நம் ஜனங்களிடம் யாரும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று இருந்தது. கார்டு கைக்கு வருகிறவரை மண்ணில் மரம் வைப்பதில்லை. வேலை போனால் கலிபோர்னியாவுக்கோ நியூ ஜெர்சிக்கோ ஓட வேண்டும். மண்ணில் வைத்த மரம் கூட வராது. தொட்டி வரும். மெத்தையையும் சோபாவையும் தெருவோரம் போட்டுவிட்டுக் கிளம்பிய குடும்பங்கள் கூடக் கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கின்றன.

டெக்சஸ் வெயிலில் தொட்டியில் செடி வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் மத்தியானம் கை வைத்தால் சுட்டுவிடும். உள்ளே வேர் அவிந்துவிடும். முதல் வருஷம் தனபாக்கியத்தின் எலுமிச்சை அப்படித்தான் வெந்து செத்தது. அதற்குப் பிறகு அவள் விழித்துக்கொண்டாள். பாஸ்மதி அரிசி வரும் சணல் பைகளை நனைத்துத் தொட்டிகளுக்கு இடுப்பில் சுற்றினாள். ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்தாள். அரிசி கழுவிய தண்ணீர், மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் எதுவும் குழாய்த் தொட்டிக்குள் போகவில்லை. இரண்டாம் வருஷம் மறுபடி வாங்கி வைத்த எலுமிச்சை காய்த்தது. புதுசாக வாங்கிய குப்பை டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு வைத்த முருங்கை கூரையைத் தொட்டது. கத்தரியும் மிளகாயும் வாளி வாளியாய் நின்றன.

வாழைக்கன்று இரண்டையும் அவள் ஒரு கடையின் தோட்டப் பிரிவில் பார்த்து வாங்கி வந்திருந்தாள். அழகுக்காக வளர்க்கும் செடி என்று அதில் சீட்டுக் கட்டியிருந்தது. பச்சை வாழைப்பழம் காய்க்குமே, அந்தக் குட்டை ரகம்தான் இது என்று தனபாக்கியம் இலையைப் பார்த்தே முடிவு கட்டினாள். சீட்டில் போட்டிருப்பதுதான் சரி என்று மணியன் முடிவு கட்டினான். எழுத்தில் இருப்பதை மட்டுமே நம்புகிற ஆள் அவன்; கம்ப்யூட்டர் வேலை அப்படிப் பழக்கிவிட்டது.

முதல் குளிர்காலம் பழைய கார் வெளியே நின்றது; யாரும் கவலைப்படவில்லை. இரண்டாவது குளிர்காலம் புதுக் கார் வெளியே நின்றது, மணியன் முணுமுணுத்தான். அந்தக் குளிர்காலமும் ஒரு வழியாகப் போய், இனி மரங்களை வெளியே தள்ளிவிடலாம் என்று தனபாக்கியம் சொன்ன வாரம்தான் ஆலங்கட்டி மழை வந்தது. டெக்சஸ் ஆலங்கட்டி என்றால் நம் ஊர்ச் சுண்டைக்காய் சைஸ் என்று நினைக்க வேண்டாம். எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகக் கொட்டியது. மணியன் ஜன்னல் பக்கம் நின்று, காரின் மேல் விழுகிற ஒவ்வொரு அடியையும் தன் தலையில் வாங்கிக்கொண்டான்.

மழை விட்டதும் எல்லாரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். காரின் கூரை முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருந்தது.

“இட் லுக்ஸ் லைக் எ கோல்ஃப் பால்,” என்றாள் மகள் வெண்பா. இரண்டாம் வகுப்பு படிக்கிறவள். தமிழில் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் வரும்.

மணியன் காரையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. கராஜுக்குள் இலையை விரித்துக்கொண்டு நின்ற வாழையைப் பார்த்தான்.

“தனம், நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இந்த வருஷம் குளிர் வர்றதுக்குள்ள இது தார் தள்ளி, அதுல ஒரு பழம் நான் தின்னேன்னு வை, கராஜ் காலத்துக்கும் மரத்துக்குத்தான். நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லாட்டி நவம்பர்ல கார் உள்ள, மரம் வெளிய. அப்புறம் அது பனியில கருகிச்சுன்னு நீ அழக்கூடாது.”

“பழம் தின்னா போதுமுங்களா?”

“ஒரே ஒரு பழம். நம்ம தொட்டியில வெளஞ்சது.”

“செரி,” என்றாள் தனபாக்கியம். 

அந்த வருஷம் கோடை பொல்லாதது. ஆனி முடிந்து ஆடி வந்தும் ஒரு சொட்டு மழை இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஊர் நிர்வாகம் கட்டுப்பாடு போட்டது. அக்கம்பக்கத்துப் புல்தரையெல்லாம் பாய் நிறத்துக்கு வந்துவிட்டது. வெண்பாவைக் குளிப்பாட்டிய தண்ணீரைக்கூடத் தனபாக்கியம் விடவில்லை. சோப்புப் போடும் முன் குளியல் தொட்டியில் தேங்கிய தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு போய் ஊற்றினாள்.

ஆடி நடுவில் ஒருநாள் காலை, மூத்த மரத்தின் உச்சியில் கருஞ்சிவப்பாக ஒரு கூம்பு எட்டிப்பார்த்தது. வாழைப்பூ. தனபாக்கியம் அங்கேயே நின்று ஒருபாட்டம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நஜீமாவுக்குப் போன் போட்டாள். நஜீமா அதிராம்பட்டினத்துக்காரி, தனபாக்கியத்துக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே உயிர்த் தோழி. அவள் கணவர் நசுருதீன் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் மளிகையும் ஹலால் கறியும் விற்கிற கடை வைத்திருந்தார். தொட்டிகளுக்கு இடுப்பில் கட்டிய சணல் பையெல்லாம் அவர் கடையிலிருந்து வந்ததுதான்.

சாயந்திரம் மணியன் வந்து பார்த்தான். “பூ வந்தா பழம் வந்த மாதிரி ஆயிருமா?” என்று சொன்னானே தவிர, அன்று ராத்திரி சாப்பிடும் முன்பு இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

பூ மடல் மடலாக விரிந்தது. சீப்புச் சீப்பாகப் பிஞ்சு இறங்கியது. ஐப்பசிக்குள் பழுத்துவிடும் என்று தனபாக்கியம் கணக்குப் போட்டாள். அந்த நேரம் பார்த்து வந்தது ஜம்புநாதனின் போன்.

ஜம்புநாதன் பெரிய மனிதர். மணியனும் தனபாக்கியமும் கைக்குழந்தையோடு முதன்முதலில் இந்த ஊரில் இறங்கியபோது ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போய், வீடு கிடைக்கிறவரை தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் புதிதாக எழும்பிய தெருவில் வீடு கட்டியிருந்தார், ஆவணியில் கிரகப்பிரவேசம். குலை தள்ளிய வாழை டெக்சஸ் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லையாம்.

“மணியன், ஒங்காத்துல வாழை தார் போட்டிருக்காமே? ஆத்துக்காரி காமாக்ஷி காதுல விழுந்ததுலேந்து தூங்க மாட்டேங்கறா. அந்த ரெண்டையும் வெட்டி எங்காத்து வாசல்ல கட்டிட்டா எவ்வளவு நன்னா இருக்கும், சொல்லு.”

“எடுத்துக்கோங்க அங்கிள். அதுல என்ன இருக்கு,” என்றான் மணியன்.

அடுப்பங்கரையில் நின்ற தனபாக்கியத்தின் காதில் அது விழுந்தது. புதுமனை புகுகிற வீட்டுக்கு இல்லை என்று சொல்ல எந்தத் தமிழச்சிக்கு நாக்கு வரும்? அதுவும் சோறு போட்ட மனிதருக்கு? ஒரு நிமிஷம் யோசித்தாள். கணவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அங்கிள், தனம் பேசறேன். வெட்டின மரம் மத்தியானத்துக்குள்ள வாடிப்போயிரும், போட்டோல நல்லாருக்காது. நானே தொட்டியோட கொண்டாந்து வாசல்ல நிறுத்திடறேன். ஃபங்ஷன் முடிஞ்சதும் திருப்பி எடுத்துட்டு வந்துடறேன்.”

“தொட்டியோடயா?” என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, “பேஷா கொண்டா. சாஸ்திரத்துல வெட்டித்தான் கட்டணும்னு எங்கயும் போடலையே,” என்று சிரித்தார் ஜம்புநாதன். சமாளித்துவிட்டோம் என்று தனபாக்கியம் பெருமூச்சு விட்டாள்.

முதல்நாள் சாயந்திரம் நசுருதீன் தன் பிக்கப் வண்டியைக் கொண்டு வந்தார். நாலு பேர் சேர்ந்து இரண்டு தொட்டிகளையும் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். தார் தள்ளிய மரத்துக்கு அடி படக்கூடாதே என்று தனபாக்கியம் தன் சிவப்புச் சின்னாளப்பட்டிச் சேலையைக் கொண்டு வந்து அடியிலிருந்து உச்சி வரை சுற்றினாள். இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, தாரை முந்தானையில் பொதிந்து முடிச்சுப் போட்டாள். இளைய மரத்தில் தார் இல்லை. அதற்குச் சேலையும் இல்லை.

மணியன் வெண்பாவோடு காரில் முன்னால் போய்விட்டான். பிக்கப்பின் முன்சீட்டில் நசுருதீன், நஜீமா, தனபாக்கியம் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃப்ரீவே ஏறியதுதான் தாமதம், பின்னால் படபடவென்று சத்தம். தனபாக்கியம் திரும்பிப் பார்த்தாள். இளைய மரத்தின் இலைகள் காற்றில் நார் நாராய்க் கிழிந்துகொண்டிருந்தன.

“அண்ணே, மெதுவா ஓட்டுங்க.”

“இதுக்கு மேல மெதுவா ஓட்டுனா போலீஸ்காரன் ஃபைன் டிக்கெட் குடுப்பான் தங்கச்சி,” என்றார் நசுருதீன்.

சொல்லி வாய் மூடவில்லை. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. வண்டியை ஓரம் கட்டினார். போலீஸ்காரர் ஆறடிக்கு மேல், தொப்பியோடு வந்து ஜன்னலில் குனிந்தார். பிக்கப்பின் பின்னால் ஆளை நிற்கவைத்துக் கூட்டிப்போவது ஆபத்து, அந்த அம்மாளை இறக்கி உள்ளே உட்கார வைக்க வேண்டும் என்றார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பின்னால் பார்த்தார்கள். சிவப்புச் சேலை கட்டி, முந்தானையை முன்னால் முடிந்துகொண்டு, வாழை நிமிர்ந்து நின்றது. நஜீமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தனபாக்கியத்தின் தோளில் சாய்ந்துவிட்டாள். தனபாக்கியம் இறங்கிப் போய் முந்தானையை அவிழ்த்துத் தாரைக் காட்டினாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். இந்த ஊரில் இது காய்க்குமா என்று கேட்டார். தொட்டியில் வளர்ப்பதைப் பற்றி அவள் தன் அரைகுறை இங்கிலீஷில் ஆரம்பித்ததும் சணல் பை, ஏ.சி. தண்ணீர் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில் டிக்கெட்டும் கொடுக்கவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை. ஃப்ரீவேயை விட்டு ஓரத்துச் சாலையில் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஜம்புநாதன் வீட்டு வாசலில் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக வாழைகள் நின்றன. சேலையை அவிழ்த்ததும் மூத்த மரத்தின் இலைகள் ஒரு கீறல் இல்லாமல் விரிந்து அகன்றன. பக்கத்தில் இளையது கந்தலாடை கட்டியதுபோல நின்றது. வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தாரைத் தொட்டுப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் இலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். “யாராத்து மரம்?” என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்க, வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற மணியன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“எங்க வீட்டு மரம்,” என்றான் முதலில். அடுத்தவருக்கு, “நாங்கதான் தொட்டியில வளக்கறோம்,” என்றான். இன்னும் கொஞ்ச நேரம் போனதும், “வேர் சூடாகாம பாத்துக்கணும் சார், அதுலதான் விஷயமே இருக்கு,” என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தனபாக்கியம் உள்ளே பால் காய்ச்சுகிற இடத்திலிருந்து அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டாள். காலை முழுக்க அவள் வாசலில் ஒரு கண் வைத்தபடியேதான் இருந்தாள். ஹோமம் முடிந்தது, ஆரத்தி எடுத்தாயிற்று. இனி மரத்துக்கு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிக் காமாக்ஷி ஆன்ட்டியோடு அடுப்பங்கரையில் பாயசத்துக்கு முந்திரி வறுக்கப் போனாள்.

பந்தி, ஜம்புநாதனின் புது வீட்டுக் கராஜில். மூன்று கார் நிற்கும் கராஜ். இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படாத தரை. நீள மேஜை போட்டு எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. தனபாக்கியம் பாயசத் தூக்கோடு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். முதல் பந்தியில் பேப்பர் தட்டைக் காணோம். பச்சைப் பசேலென்று வாழை இலை. கைகழுவிவிட்டு வந்தவர்கள் இலையைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! சாம்பாரும் ரசமும் இலையில் ஓடாமல் அணை கட்டத் தெரிந்த கைகள், எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. பரவாயில்லையே, எந்தக் கடையில் கிடைத்தது என்று தனபாக்கியமும் சந்தோஷப்பட்டாள். முதல் இலையில் ஒரு கரண்டி விட்டாள். இரண்டாவது இலையில் விட்டாள். மூன்றாவது இலையின் ஓரத்தில் ஒரு பழுப்புத் தழும்பு இருந்தது. குளிர்காலத்தில் அவள் வீட்டுக் கராஜில் நின்றபோது ஹீட்டரில் பட்டுச் சுட்டுக்கொண்ட தழும்பு.

அவள் கராஜ் கதவு வழியாக வாசலைப் பார்த்தாள். மூத்த மரம் உச்சியில் ஒற்றை இலையோடு, தாரைச் சுமந்துகொண்டு மொட்டையாக நின்றது.

சாப்பிடுகிறவர்கள் முன்னால் கத்த முடியுமா? உண்கிற இலையைப் பிடுங்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஒவ்வொரு இலையாகப் பாயசம் விட்டுக்கொண்டே வந்தாள். கடைசி இலையில் மணியன் உட்கார்ந்திருந்தான். மேஜை ஓரம் அட்டைப்பெட்டி வெட்டுகிற கத்தி கிடந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை. கல்யாணத்தன்று கூட அவள் பார்த்ததில்லை.

“பாத்தியா தனம்? நம்ம மரத்து இலை. பேப்பர் தட்டுலயா புது வீட்டுல சாப்புடறதுன்னு ஒரு பெரியவர் சொன்னாரு. நானே வெட்டிட்டேன். அத்தனை பேரும் வாயாரப் பாராட்டறாங்க.”

தனபாக்கியம் கரண்டியை எடுத்தாள். அவன் இலையில் பாயசம் விட்டாள். இன்னொரு கரண்டி விட்டாள். போதும் போதும் என்று அவன் கையை ஆட்ட ஆட்ட விட்டுக்கொண்டே இருந்தாள். பாயசம் அணையெல்லாம் உடைத்துக்கொண்டு அவன் பட்டுவேட்டியில் இறங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள். மரங்கள் மறுபடி பின்பக்கம் வந்து சேர்ந்திருந்தன.

“தார் போட்ட மரம் இனி புது இலை விடாதுங்க. இருக்கற இலையாலதான் காய் பெருக்கணும். ஒத்த இலைய வெச்சுட்டு அது எப்படிங்க பெருக்கும்?”

மணியனின் முகம் வாடிவிட்டது. “ஊர்ல எங்க வீட்டுக் கிணத்தடியில டெய்லி வெட்டுவோமே தனம். வெட்ட வெட்ட வந்துட்டேதான இருக்கும்?”

“அது தார் போடாத மரம். இளையது பக்கத்துலயேதான நின்னுச்சு, அதுல வெட்டியிருந்தா நாளைக்கே வேற வந்திருக்கும்.”

“அதோட இலையெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. இதுதான் முழுசா, அழகா…” என்று இழுத்தான்.

தனபாக்கியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சேலை சுற்றிப் பொத்திப் பொத்திக் கொண்டுபோனதே தான்தான். அதையும் யாரிடம் போய்ச் சொல்ல? கோபம் பாதியாகக் குறைந்துபோனது. துக்கம் மட்டும் குறையவில்லை.

புரட்டாசி போனது. காய் விரல் தடிமனோடு நின்றுவிட்டது. அவளும் விடாமல் மொச்சை ஊறவைத்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் என்று நஜீமா சொன்னதையெல்லாம் ஊற்றினாள். மணியன் இதற்கு நடுவே ஆபீஸிலிருந்து வந்ததும் தானாகப் போய் ஏ.சி. வாளியைத் தூக்கி ஊற்றினான். ஒருநாள் எட்டிப் பார்த்து, “கொஞ்சம் தடிச்ச மாதிரி இல்ல?” என்று கேட்டான். தடிக்கவில்லை. இருவருக்கும் அது தெரியும். பந்தயத்தைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

நவம்பரில் வடகாற்று இறங்கியது. டெக்சஸில் அது சொல்லிவிட்டு வராது. காலையில் பனியன் போட்டுக்கொண்டு திரிந்தவன் சாயந்திரம் கோட்டைத் தேடுவான். அன்று உறைபனி விழும் என்று டிவியில் சொன்னார்கள். தனபாக்கியம் பேச்சு மாறுகிறவள் இல்லை. பழம் பழுக்கவில்லை, ஆகவே கராஜ் காருக்கு. மத்தியானமே கராஜைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக்கினாள். கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் ஹாலுக்குள் தூக்கி வைத்தாள். முருங்கை டப்பாவும் வாழைத் தொட்டிகளும் வீட்டுக்குள் நுழையாது. மூத்ததின் அடியில் இரண்டு கன்று, இளையது அடுத்த வருஷம் தார் போடும் பருவத்தில். எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கண்ணால் அது கருகுவதைப் பார்க்க வேண்டாம் என்று நஜீமா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நஜீமா டீ போட்டுக் கொடுத்தாள். “அழுவுறதுன்னா அழுதுரு தனம். அந்தக் காய எங்கிட்ட குடு, பஜ்ஜியாவது போட்டுத் தின்போம்.”

“அந்தக் காயில பஜ்ஜி போட்டா மாவுதான் இருக்கும்,” என்றாள் தனபாக்கியம். அழுகைக்கு நடுவே இருவரும் சிரித்தார்கள்.

இருட்டும் நேரத்தில் நஜீமா அவளைக் கொண்டுவந்து விட்டாள். வீட்டு முன்னால் வண்டி திரும்பியதும் தனபாக்கியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கார் வெளியே நின்றது. அதன் மேல் வீட்டில் உள்ள கம்பளி, ரஜாய், வெண்பாவின் பூப்போட்ட போர்வை எல்லாம் போர்த்தி, நடுவில் சிவப்புச் சின்னாளப்பட்டிச் சேலையால் இறுக்கிக் கட்டியிருந்தது. பள்ளம் விழுந்த கூரைக்கு மேல் முந்தானை காற்றில் ஆடியது.

கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு வாழைகளும் நின்றன. முருங்கை டப்பாவும் நின்றது. தொட்டிகளைத் தள்ளிய களைப்பில், ஆபீஸ் சட்டையைக் கூடக் கழற்றாமல், கவிழ்த்த வாளியின் மேல் மணியன் உட்கார்ந்திருந்தான்.

“ஏனுங்க, பேசினபடி கார்தான உள்ள நிக்கோணும்?”

“இலைய வெட்டினது நானு. பனியில நிக்க வேண்டியது என் காருதான், மரமில்ல.”

“அதுக்காகப் பேச்சு மாறலாமுங்களா? பழம் பழுக்கலையே.”

மணியன் எழுந்தான். தாரிலிருந்து ஒரு காயைத் திருகிப் பிடுங்கினான். பச்சைக் காய், சுண்டுவிரலை விடக் கொஞ்சம் பெரிசு. தோல் உரியவில்லை. அட்டைப்பெட்டிக் கத்தியால் சீவினான். சீவச் சீவப் பால் வடிந்து கையெல்லாம் வழிந்தது. வாயில் போட்டு மென்றான். துவர்ப்பில் கண் இரண்டும் சுருங்கின, தாடை கோணியது, காது வரை இழுத்துக்கொண்டது. ஆனால் துப்பவில்லை. விழுங்கினான்.

“அப்பா, தட்ஸ் நாட் ரைப்!” என்று கதவருகே வந்து நின்ற வெண்பா கூவினாள்.

“பழந்தான்,” என்றான் மணியன். நாக்கு மரத்துப்போய் வார்த்தை குழறியது. “நல்லா இனிப்பா இருக்கு. நம்ம தொட்டியில வெளஞ்சது. தின்னாச்சு.”

தனபாக்கியம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை விட்டுவிட்டு வேறு எதையோ சொன்னாள்.

“சட்டையில வாழைக்கறை ஒழுகுது பாருங்க. பட்டா போகாது.”

“போகாட்டி இருக்கட்டும்,” என்று மணியன் மிச்சமிருந்த துண்டையும் வாயில் போட்டுக்கொண்டான்.